இரண்டு இஞ்ச்

"மாமா, நீங்க இளைச்சுட்டீங்க."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத் தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி முன்னால், புதுக் கோட்டுக்குள், அவருடைய அக்கா புருஷன். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மார்பிலும் இடுப்பிலும் மட்டும் இரண்டு இஞ்ச் தொளதொள.

உண்மையில் மாமா இளைக்கவில்லை. இளைப்பதற்கு அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. அளவுதான் தப்பு.

மாமா ஒரு கல்லூரியின் துணை முதல்வர். இன்னும் மூன்று மாதத்தில் முதல்வராகப் பொறுப்பேற்கப் போகிறவர். அளவெடுத்த அன்று, அரை வயிறு உண்பவனுக்கே முழு அறிவு என்ற தலைப்பில் அரை மணி நேரம் உரையாற்றினார். தையல்காரர் டேப்பைப் பிடித்து எண்களைச் சொல்லச் சொல்ல, அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். உரையின் மும்முரத்தில் எங்கோ தன் நாக்குத்தான் வழுக்கிவிட்டது என்று தையல்காரர் இப்போது நொந்துகொண்டார். அக்கா எழுதியதில் பிசகு இருக்க வழியே இல்லை. மருந்துக்கடையில் இருபது வருடமாக மில்லிகிராம் மாறாமல் எடுத்துக் கொடுக்கிறவள் அவள்.

ஒப்புக்கொள்ளலாம்தான். ஆனால், "பட்டன் தைக்கிறவனுக்கு கோட்டு தைக்க வருமா?" என்று குடும்பமே கூடியிருந்தபோது கேட்டவர் மாமா. அக்காதான் மல்லுக்கட்டித் துணியைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். தொளதொளப்பைப் பிடித்துத் தைத்துச் சிறிதாக்கவும் முடியாது. கோடு போட்ட துணி. ஒரு கோடு கோணினாலும் மாமா கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

"மூணு வாரத்துலயா இளைச்சுட்டேன்?" என்றார் மாமா, கோட்டுக்குள்ளிருந்து.

"பின்ன? போன மாசம் காலேஜ் படிக்கட்டுல மயங்கி உக்காந்தீங்களே" என்றாள் அக்கா. "அஞ்சு கிலோவாவது ஏத்துங்கன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டார்."

"அது மயக்கம் இல்ல. சிந்தனை."

"சரி, சிந்தனையோடவே பதவியேற்பு மேடைக்குப் போங்க. கோட்டு தனியா நடந்து வருது, உள்ள ஆளைக் காணோமேன்னு பேசிக்கட்டும்."

உடம்பைப் பற்றிச் சொன்னபோது அசையாத மனிதர், மேடை என்றதும் நாற்காலியைத் தேடினார்.

அன்று மாலையே ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஏறிவிட்டது. காலையில் பாலும் பேரீச்சம்பழமும். அப்புறம் வெண்ணெய் தடவிய ரொட்டி, இரண்டு முட்டை. பதினொரு மணிக்கு வேர்க்கடலையும் வாழைப்பழமும். மதியச் சோற்றில் பருப்பு ஒரு கரண்டி கூடுதல், கடைசியில் கெட்டித் தயிர். நாலு மணிக்கு வேகவைத்த கொண்டைக்கடலை. இரவில் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி பால். ஒரேயடியாகத் திணித்தால் வயிறுதான் தள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை என்றாள் அக்கா. தையல்காரருக்கோ மார்பும் ஏற வேண்டுமே என்ற கவலை. தினம் தண்ணீர் கேன் இரண்டை இருபது தடவை தூக்க வைத்தார். ஞாயிறுதோறும் டேப்போடு வந்து நின்றார். கடன்காரன்கூட இவ்வளவு ஒழுங்காக வரமாட்டான் என்று மாமா முனகினார்.

முதல் வாரம் மாமா முட்டையைப் பார்த்த பார்வையில், விடைத்தாளில் பிட் அடித்தவனைப் பிடித்த கோபம் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டார். எடை அரைக் கிலோ, அரைக் கிலோவாக ஏறியது.

ஆறாவது வாரம் முள் நின்றுவிட்டது. தையல்காரருக்குத் தூக்கம் போயிற்று. அக்கா விசாரித்ததில், பதினொரு மணி வேர்க்கடலை கல்லூரி மேசை டிராயரிலேயே தங்கிவிடுவது தெரிந்தது. கூட்டத்தின் நடுவில் துணை முதல்வர் கடலை கொறிப்பது பதவிக்கு அழகில்லையாம்.

மறுநாளிலிருந்து வேர்க்கடலை ஃபைல் அட்டைக்குள் போயிற்று. மேலே 'மிக ரகசியம்' என்று அக்கா பெரிதாக எழுதியிருந்தாள். பதினொரு மணிக்கு மாமா அந்த ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நெடுநேரம் வாயசைப்பதைப் பார்த்துப் பேராசிரியர்கள் யாருக்கு மாற்றலோ என்று நடுங்கினார்கள். முள் மறுபடி நகர்ந்தது.

மூன்றாவது மாதம் மாமா படிக்கட்டுகளை மூச்சு வாங்காமல் ஏறினார். ஏறி முடித்ததும் பேசினார். "அறிவாளி ஆறு வேளை சாப்பிடணும் மச்சான். இதை நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வரேன்."

தையல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். கோட்டுக்காக எதையும் தாங்கத் துணிந்திருந்தார்.

பதவியேற்புக்கு நாலு நாள் முன்னால் மாமா கோட்டைப் போட்டார். பட்டன் தானாகப் போய் உட்கார்ந்தது. கோடுகள் நூல் பிடித்தாற்போல் இறங்கின. கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, உனக்குக்கூட தைக்க வருது" என்று சொல்லி, கீழ்வீட்டுக்காரரிடம் காட்டப் படியிறங்கினார்.

செருப்புச் சத்தம் தேயும்வரை காத்திருந்து, தையல்காரர் சமையலறை வாசலில் போய் நின்றார். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த ஊசியை எடுத்துவிட வேண்டும்.

"அக்கா, மாமாகிட்ட சொல்லிடாத. அவர் இளைக்கவே இல்ல. அன்னிக்கு நான்தான் அளவைத் தப்பா சொல்லிட்டேன்."

அக்கா நாலு மணிக் கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள்.

"எட்டு வருஷமா நான் வாயால சொல்லி ஒரு வாய் கூடுதலா உள்ள போகலடா" என்றாள். "நீ முப்பத்திநாலுன்னு சரியாத்தான் சொன்ன. நான்தான் முப்பத்தாறுன்னு எழுதினேன்."