முதல் பில்லின் சுழி

தோஹா தொழில்பேட்டையில் இருக்கும் அந்தக் குழாய்க் கம்பெனி, செலவைக் குறைக்க பில் பார்க்கும் வேலையை மென்பொருளிடம் விட்டது. முதலில் கணக்குப் பிரிவில் இருந்த வீரபாண்டியை ஊருக்கு அனுப்பினார்கள். தினமும் முதல் பில்லின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் அவர் பதிவைத் தொடங்குவார். சுழியின் வாலை வலப்பக்கம் நீளமாக இழுப்பார். ஊருக்குப் போன மாதமே மாரடைப்பில் இறந்துபோனார்.

அந்தப் பிரிவில் மிச்சம் இருப்பது உமாராணி மட்டும். ஒருநாள் காலையில் திரையில் வந்த முதல் பில்லின் தலையில் ஒரு 2 நின்றது. எந்தக் கட்டத்திலும் சேராத 2. மென்பொருள் சப்போர்ட்டில் இருக்கும் விஜயபாஸ்கருக்கு போன் செய்தாள்.

“பழைய பில்லுல யாரோ சுழி போட்டிருக்காங்க மேடம். சிஸ்டம் அதை ரெண்டுன்னு படிக்குது.”

“இப்ப பேப்பரே கிடையாதே தம்பி. எல்லாம் மெயில்லதான வருது?”

அவன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. “அழிச்சு விட்டுர்றேன். கலாஸ், இனி வராது.”

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. உமாராணி டீயை ஆறவிட்டு அந்த 2-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று முதல் பில் டிராவல்ஸிலிருந்து வந்தது. மதுரைக்கு ஒருவழி டிக்கெட், பயணி உமாராணி. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தலையில் 2 இல்லை. அந்தக் கணினியில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆனாலும் அங்கே ‘உ’ இருந்தது. அதன் வால் வலப்பக்கமாக இறங்கி, அவள் பெயருக்கு அடியில் மெல்ல நீண்டுகொண்டிருந்தது.