முசுறுக் கூடு

“திருட்டுக் குடும்பத்துல பொண்ணெடுக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? இந்தக் கல்யாணம் நடக்காது.”

புவாலையின் குரல் மேகோங் ஆற்றங்கரை வரை கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? மகனின் கல்யாண விருந்துக்கென்று மாமரத்தில் மீன் தலை போட்டு வளர்த்த முசுறு எறும்புக் கூடு கிழிந்து தொங்கியது. முட்டை ஒன்றுகூட மிச்சமில்லை. கீழே கிடந்த, முட்டை உதிர்க்க நுனியில் கூடை கட்டிய மூங்கில் கழியோ சம்பந்தியாகப் போகிற கம்பூனுடையது.

“இப்பத்தான் எழுந்து முகம் கழுவ வந்தேன், பார்த்தா இப்படி” என்று கணவன் தொங்லா கத்தியதும், அடுப்பில் வெந்த பசையரிசியை அப்படியே விட்டு, கதவோரம் கிடந்த சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஓடிவந்தவள் அவள். தொங்லாவுக்கு இந்தச் சம்பந்தம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. வெற்று மேலுடன் பின்னால் நின்று அவளை இன்னும் ஏற்றிவிட்டான்.

கழி நேற்றே காணாமல் போய்விட்டது என்றான் கம்பூன். கூடியிருந்த ஊர்க்காரர் யாரும் நம்பவில்லை. அவன் மரத்தடிக்குப் போனான்.

“சம்பந்தியம்மா, கூட்டைக் கலைச்சவன் மேல நசுங்கின எறும்போட வாடை ஒட்டியிருக்கும். அந்த வாடை பட்டா அதுங்க சண்டைக்குக் கிளம்பிடும். நான் கை வைக்கிறேன், நீங்களே பாருங்க.”

அடிமரத்தில் ஒரு வெட்டுக்கிளியைக் காலுக்கு நாலு எறும்பாக இழுத்துப் பிடித்திருந்தன. கம்பூன் பக்கத்தில் கையை வைத்தான். ஏறின, மீசையால் தடவின, ஒன்றிரண்டு கடித்தன, இறங்கிப் போயின.

புவாலைக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. “எறும்புக்கும் சொக்குப்பொடி போட்டுட்டியா?” என்று அவனைத் தள்ளிவிட்டுத் தன் கையை மரத்தில் ஓங்கி வைத்தாள்.

வாலைத் தூக்கிக்கொண்டு படையாக இறங்கின. வெறும் விரல்களைத் தாண்டி ஓடிச் சட்டைக் கையைக் கடித்துத் தொங்கின.

“சொந்த மரத்துலயே கை வெச்சியா அக்கா?” என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

புவாலை பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையைக் கழற்றி உதறினாள். மடித்துவிட்டிருந்த கைகளிலிருந்து நசுங்கிச் செத்த எறும்புகள் உதிர்ந்தன.

அவள் மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள்.

“இப்பத்தான் எழுந்தேன்னு சொன்னீங்களே, அப்ப உங்க சட்டையை மாட்டிக்கிட்டு மரத்துக்கிட்டப் போனது யாரு?”