ஆறு மணிக் குரல்

நாற்பத்தொரு நாளாக, மாலை ஆறு மணி ஆனதும் எங்கள் பேசும் வீடு, தன்னிடம் பதிவாகியிருக்கும் என் அண்ணன் எழிலின் குரலில், "கடுகு, வந்துட்டேன்டா" என்கிறது. அண்ணன் வாங்கிவந்த பொமரேனியன் நாய்க்குட்டி கடுகு வாசலுக்கு ஓடுகிறது. யாரும் உள்ளே வருவதில்லை. பிறகு அது சாப்பிடுவதும் இல்லை.

தடுப்பூசிக்காக இன்று மூன்றாவது முறையாகக் கால்நடை மருத்துவமனைக்கு வந்திருக்கிறோம். கடுகின் கழுத்துப்பட்டியில் பதிவான நாடித்துடிப்பை டாக்டர் ரெஜினா பார்த்தார்.

"தினமும் ஆறு மணிக்கு எகிறுதே. ரெண்டு கிலோகூட இல்லாத உடம்பு. காரணம் தெரியாம ஊசி போட எனக்குப் பயமா இருக்கும்மா."

"போன வாரமும் தள்ளிட்டீங்க, டாக்டர்."

"எனக்கு மட்டும் ஆசையா? உங்க தெருவுலயே குட்டிகளைக் கொல்ற பார்வோ நோய் வந்தாச்சு. இது இதயக் கோளாறா, இல்ல யாரையாவது தேடுதா? வாயத் திற வானதி, குட்டியே உன்னைவிட அதிகமாப் பேசுது."

அண்ணன் வெளியூரில் இருக்கிறான், வீட்டில் வேறு எந்த மாற்றமும் இல்லை என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். கழுத்துப்பட்டிக்குக் கேட்பதெல்லாம் வீட்டுக்கும் கேட்கும். குரலுக்கு உரியவர் இனி வரமாட்டார் என்று தெரிந்தால் அதை அழிப்பது வீட்டின் விதி; உண்மையைச் சொன்ன நொடியில் அந்தக் குரல் போய்விடும்.

வெளியே ஏதோ பைக் நின்றது. கடுகு மேசைமேல் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு கதவைப் பார்த்தது.

"அண்ணன் வெளியூர்லதானே இருக்கார்?" என்றார் டாக்டர்.

கடுகை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். பட்டி என் வாயருகே இருந்தது.

"இல்ல டாக்டர். அண்ணன் செத்துப் போயிட்டான். இன்னிக்கு நாப்பத்தொரு நாள்."