உள்பக்கத் தாழ்ப்பாள்

புது வீட்டைத் தங்கவேலுவுக்கும் அவர் மனைவி பூங்கொடிக்கும் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள் நிலோபர். அவர்களுடைய பழைய வீட்டை மூன்று மாதம் கவனித்து, இந்த வீட்டின் உள்ளலங்காரத்தை வரைந்தது கம்பெனியின் செயற்கை நுண்ணறிவுச் செயலி. வரைந்தபடி செய்து ஒப்படைப்பது மட்டுமே நிலோபரின் வேலை.

சமையல் மேடை பூங்கொடியின் உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. "இனி குனியவே வேண்டாங்க அக்கா," என்றாள். தங்கவேலு சிரித்தார்.

அடுத்தது குளியலறை. எல்லா வீட்டிலும் செய்வதுபோல் பட்டியலைப் பார்த்துப் பெருமையாகப் படித்தாள்.

"இரும்புக் கதவுங்க. உள்பக்கம் மூணு தாழ்ப்பாள். வெளியிலிருந்து யாராலயும் திறக்க முடியாது. ராத்திரி பூரா உக்கார ஒரு திண்டு, பக்கத்துலயே போலீசக் கூப்பிட ஒரு பொத்தான்..."

படித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

தங்கவேலுவின் சிரிப்பு அப்படியே இருந்தது. "இத நாங்க கேக்கவே இல்லீங்களே," என்றார், மனைவியைப் பார்த்தபடி. "கழட்டிருங்க."

"ஆளுங்க நாளைக்குத்தாங்க வருவாங்க."

"பரவால்லீங்க, நானே கழட்டிக்கறேன். நீங்க சாவியக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

நிலோபர் சாவியை நீட்டினாள். குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் பூங்கொடி.

"அந்தச் சமையல் மேடைய இன்னொருக்கா காட்டு கண்ணு. எனக்குச் சரியாப் புரியல."