ஓட்டுக் கேட்க வந்தவன்

கதவைத் திறந்த மார்லிஸ், படியில் நின்ற ஆர்லனின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி கதவை அறைந்து சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நீட்டிய கை நீட்டியபடியே ஆர்லன் நின்றான். கையில் அவன் படம் போட்ட பிரசுரம். ‘ஷெரிஃப் பதவிக்கு ஆர்லன் ஓப்டால். கவுண்டி அறிந்த காவலர்.’

“சொல்லாத ஆர்லன். கெஞ்சிக் கேக்கறேன், வாயத் தொறக்காத. அப்படியே திரும்பிப் போயிடு.”

கதவுக்குப் பின்னால் அவள் சரிந்து தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

அவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம். சீருடைகூட இல்லை, கட்டம் போட்ட சட்டைதான். சாலையில் சூரியகாந்தி விதை ஏற்றிய லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

பிறகு விளங்கியது.

இதே படியில் அவன் இதற்கு முன்னாலும் நின்றிருக்கிறான். எண்ணெய்க் கிணற்றில் குழாய் சரிந்து மார்லிஸின் மூத்த மகன் கோரி செத்தபோது, சொல்ல வந்தவன் அவன்தான். இந்தக் கவுண்டி எல்லைக்குள் கிணற்றிலோ சாலையிலோ ஆற்றிலோ யார் செத்தாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்வது ஆர்லன்தான். ஷெரிஃபின் கீழ் வேலைசெய்யும் மற்ற காவலர்கள் ஒரு தடவை போய்விட்டு வந்து, இனி என்னால் முடியாது என்று கழன்றுகொண்டார்கள். ஆர்லனுக்கு அது நன்றாக வரும் என்று அலுவலகத்தில் பேச்சு.

காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் முகங்கள் ஏன் வெளுத்தன என்று இப்போது தெரிந்தது. தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை, தோற்கப்போகிறோம் என்றல்லவா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்!

“மார்லிஸ், கைலுக்கு ஒண்ணும் ஆகல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் ஓட்டுக் கேக்கத்தான் வந்தேன்.”

உள்ளே அவள் போனில் யாரையோ அழைத்துப் பேசுவது கேட்டது. கைல் அவளுடைய இளைய மகன். எண்ணெய் வயல்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.

“கைல்? சாப்டியா? இல்லடா, சும்மாதான் கேட்டேன்… வண்டி ஓட்றப்ப போன எடுக்காதேன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு?”

தாழ்ப்பாள் விலகியது.

அவள் முகத்தில் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாகக் கிடந்தன. முஷ்டியை மடக்கி அவன் மார்பில் குத்தினாள்.

“முன்னாடியே ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா, பாவி மனுஷா?”

உள்ளே கூட்டிப்போய் காபி ஊற்றினாள். புளிப்பான ரூபார்ப் தண்டு போட்ட கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். பல வருடங்களாக அந்தக் கதவுகளின் வெளிப்பக்கம் மட்டுமே அவன் நின்றிருந்தான். மறுபக்கத்தில் தன் முகம் என்னவாகத் தெரிகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

“ஆனா என் ஓட்டு உனக்குக் கிடையாது,” என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“நீ லீவுல இருந்தப்ப பக்கத்துப் பண்ணை ஃபெர்னோட புருஷன் செத்தானே, அவளுக்கு எப்படிச் சொன்னாங்க தெரியுமா? போன்ல. அடுப்புல சூப்பு கொதிக்குது, அவ தனியா நின்னு கேட்டிருக்கா. எனக்கு நீ வந்த. என் தங்கச்சி வந்து சேர்ற வரைக்கும் இதே நாற்காலியில உக்காந்திருந்த. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுதான் போன. நீ ஷெரிஃப்னு மேசைக்குப் பின்னால போயிட்டா, இனிமே எங்க வாசலுக்கு யாரு வருவா?”

கூட்டங்களில் பேசிப் பேசிப் பழகிய வாக்கியங்கள் அவனிடம் இருந்தன. அனுபவம், போதைப் பொருள், புதிய ரோந்து வண்டிகள். அவன் பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“ஜெயிச்சாலும் நீதான் வருவேன்னு சொல்லு. ஓட்டுப் போடறேன்.”

அவன் அவளைப் பார்த்தான். மறுக்க முடியாத முகம் அது.

“நானே வர்றேன், மார்லிஸ்.”

அவள் பெருமூச்சு விட்டாள். வெளியே வந்து, அவன் வண்டியிலிருந்த தேர்தல் பலகைகளில் இரண்டைத் தானே உருவிக்கொண்டாள். ஒன்றை வேலியோரம் சுத்தியலால் அடித்து நட்டாள். அசைத்துப் பார்த்தாள். மற்றது கைல் வீட்டுக்கு என்றாள்.

அவன் வண்டியில் ஏறியதும் மனைவி ஜோன் அழைத்தாள். மார்லிஸ் என்ன சொன்னாள் என்று கேட்டாள். ரெண்டு பலகை வாங்கிக்கிட்டா என்றான். அந்தப் பக்கம் ஜோன் சந்தோஷத்தில் கத்தினாள்.

அவன் ஏன் தேர்தலில் நிற்கிறான் என்பது ஜோனுக்கும் தெரியாது.

ஏப்ரலில் ஒருநாள், சாவுச் செய்தி சொல்லப் போன ஒரு வீட்டு வாசலில், கால் படியேற மறுத்துவிட்டது. வண்டிக்குத் திரும்பி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அப்போது எடுத்த முடிவு.

ஷெரிஃப் யார் வீட்டுக் கதவையும் போய்த் தட்ட வேண்டியதில்லை. ஆள் அனுப்பினால் போதும்.