மேவிஸுக்கு ஒரு பெஞ்சு

"வியாழக்கிழமையிலேருந்து மீன் சிப்ஸ் ஒரே ஒரு பொட்டலம்தானா? எனக்கு என்ன, நீ துப்பற முள்ளா?"

மேவிஸ் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிளிஃபர்ட் தலையைச் சொறிந்தார். "மறந்துட்டேம்மா. கணக்குல நான் என்னைக்குமே மட்டம்தானே!"

மேவிஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து, அவர் எழுதியிருந்த விடுமுறை நோட்டில் வியாழன், வெள்ளி இரண்டிலும் ஒன்றை அடித்து இரண்டாக்கினாள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம். அவளுடைய பிறந்த நாளுக்கு அவர் எழுதித் தந்த வாழ்த்து அட்டைகூட அந்தப் பென்சிலுக்குத் தப்பியதில்லை. சர்ச்சில் அவர் கல்யாண உறுதிமொழி சொன்னபோதே நடுவில் நிறுத்தி இரண்டு இடத்தில் திருத்தினவள்!

விடுமுறைத் திட்டமெல்லாம் இதுவரை அவள் ராஜ்ஜியம்தான். கடல் அலை எத்தனை மணிக்கு வந்து காலை நனைக்க வேண்டும் என்று அலைக்கே அட்டவணை போடுவாள். இந்த வருஷம் அதிசயமாக, "நீ ஓய்வெடு, நான் பார்த்துக்கறேன்" என்று கிளிஃபர்ட் நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். இங்கிலாந்தின் கார்ன்வாலில் போர்த்வாரன் என்ற கடலோரக் கிராமம். சனிக்கிழமை கிளம்பினால் ஒரு வாரம் அக்கடா என்று கிடக்கலாம்.

"இதென்ன, புதன்கிழமை பதினாலாம் தேதி சாயங்காலம் பாறை உச்சியில சூரியன் மறையறதைப் பார்க்கணுமா? என் முழங்கால் தாங்குமா?"

"மெதுவா ஏறலாம்மா. மேல உனக்குன்னே ஒரு பெஞ்சு சொல்லி வச்சிருக்கேன்."

மேவிஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பெஞ்சுக்குக்கூட முன்பதிவா! நாற்பத்தோரு வருஷத்துக்கு அப்புறம் மனுஷன் தேறிவிட்டாரே! அந்த ஒரு வரியை மட்டும் திருத்தாமல் விட்டாள்.

மழைக்கோட்டு வாங்க கிளிஃபர்ட் கடைக்குப் போன சமயம் போன் அடித்தது.

"போர்த்வாரன் ஊர்ச்சபையிலேருந்து பேசறேங்க. கிளிஃபர்ட் சார் இருக்காரா? பெஞ்சு ரெடியாயிடுச்சு."

"என்கிட்டயே சொல்லுங்க. அவர் செய்யறதை நான் சரிபார்த்தாத்தான் உருப்படும்."

"நல்லதாப் போச்சு. 'இந்தக் கடலை நேசித்த மேவிஸின் நினைவாக'ன்னு பித்தளைத் தகடு அடிக்கச் சொல்லியிருக்காரு. பாவம், அந்தம்மா. ஆனா இறந்த தேதியை ஜூன் பதினாலுன்னு எழுதிட்டாருங்க. இன்னிக்கு அஞ்சுதானே ஆகுது? மே பதினாலா இருக்கும், துக்கத்துல தடுமாறியிருப்பாரு. எது தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திடுவேன்."

மேவிஸ் நோட்டைப் பார்த்தாள். புதன், பாறை உச்சி. வியாழன், ஒரு பொட்டலம். கணக்கில் மட்டமான மனுஷன் ஒரு தப்புகூடச் செய்யவில்லை.

வெளியே கேட் கிறீச்சிட்டது. புது மழைக்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி வந்துகொண்டிருந்தார் கிளிஃபர்ட்.

மேவிஸ் பென்சிலை எடுத்தாள். தான் போட்ட இரண்டுகளை அடித்து, மறுபடியும் ஒன்றாக்கினாள். பிறகு போனில் நிதானமாகச் சொன்னாள்:

"தேதி சரிதாங்க. பேரை மட்டும் கிளிஃபர்ட்னு திருத்திடுங்க."