ஜன்னல் திரையில் ஒரு முடிச்சு

மாமியார் மீரான் பீவி இறந்த நாற்பதாம் நாளுக்குள் அவருடைய சேலைகளையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பௌசியா ஒன்றை மட்டும் ஒளித்து வைத்தாள். எங்கும் நைந்துபோகாத ஊதா நிற வாயில் துணிச் சேலை. திருச்சுழி வெயிலுக்கும் புழுதிக்கும் ஜன்னலுக்கு ஒரு திரை வேண்டியிருந்தது. சேலையை இரண்டாக வெட்டி, ஓரம் மடித்து, மிஷினில் தைத்து மாட்டினாள்.

மறுநாள் காலை திரையின் கீழ்நுனியில் ஒரு முடிச்சு இருந்தது. மாமியார் எதையும் முந்தானையில் இப்படித்தான் முடிந்து வைப்பார்.

"ஆசிபா, நீயா இத முடிஞ்ச?"

"நான் தொடவே இல்லம்மா" என்றாள் மகள்.

பௌசியா அவிழ்த்தாள். உள்ளே ஒரு மஞ்சள் மாத்திரை இருந்தது.

மாமியாருக்கு மறதி. "ஏம்மா, நான் பிரஷர் மாத்திரை போட்டுட்டேனா?" என்று காலையில் பத்துத் தடவை கேட்பார். கடைசியாகக் கேட்ட வியாழக்கிழமை பௌசியா தையலில் இருந்தாள். எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டு, "போட்டுட்டீக மாமி" என்றாள். சாயங்காலம் விழுந்தவர் எழவில்லை. அட்டையில் மிச்சமிருந்த அன்றைய மஞ்சள் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் சாக்கடையில் போட்டாள்.

முடிச்சில் இருந்த மாத்திரையையும் அங்கேயே போட்டாள். மறுநாளும் முடிச்சு இருந்தது. உள்ளே மாத்திரை ஈரமாக இருந்தது.

நான்காம் நாள், மகள் பள்ளிக்கூடம் போனதும், திரைக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க போடல மாமி. நாந்தான் பொய் சொன்னேன்."

அடுத்த நாள் திரையில் முடிச்சு இல்லை. பௌசியா மிஷினில் உட்கார்ந்தாள். வியர்வையைத் துடைக்கத் தன் துப்பட்டாவை எடுத்து முகத்தில் வைத்தாள். அதன் நுனியில் இருந்த முடிச்சு கன்னத்தில் அழுந்தியது.